மேடை மானிட்டரை அணைத்த நாள்

என் நோட்டுகள் மொத்தம் இருபத்தாறு. ஆண்டுக்கு ஒன்று. எல்லாமே கோடு போட்ட நீள நோட்டு. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இரண்டு பக்கம். இடது பக்கத்தில் மண்டபத்தின் படம்: மேடை எங்கே, ஸ்பீக்கர் பாக்ஸ் எங்கே, மின்விசிறி எத்தனை, கதவு எந்தப் பக்கம். வலது பக்கத்தில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பெட்டியில் எந்தத் திருகு எந்த இடத்தில் நின்றது என்ற குறிப்பு. அடுத்த முறை அதே மண்டபத்துக்குப் போகும்போது பாதி வேலை நோட்டிலேயே முடிந்துவிடும். கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா, கட்சிக் கூட்டம் என்று எதையும் விட்டதில்லை. தெருவில் என்னை மைக் செட்காரர் என்பார்கள். நோட்டைப் பார்த்தவர்கள் மட்டும் கணக்குப்பிள்ளை என்று கேலி செய்வார்கள்.

அந்த நோட்டுகளில் ஒரு குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோனதை நானே என் கையால் ஆண்டுதோறும் எழுதி வைத்திருந்தேன். எழுதியது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அது என் மனைவியின் குரல்.

மைக்கிலிருந்து வரும் மின்சாரம் மிகச் சின்னது. அதை முதலில் வளர்த்துக் கொடுக்கும் திருகுக்கு கெய்ன் என்று பெயர். அந்தத் திருகைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டு, அதன் கோடு நிற்கும் இடத்தை மணியாக எழுதுவது என் வழக்கம். கனத்த குரலுக்கு ஒன்பது மணி போதும். மெல்லப் பேசுகிறவருக்குப் பன்னிரண்டு வரை போகலாம். அதைத் தாண்டினால் ஆபத்து. பாக்ஸிலிருந்து வரும் சத்தத்தை மைக்கே மறுபடி பிடிக்கும், அது பாக்ஸுக்குப் போய் இன்னும் பெரிதாக வெளியே வரும், அதையும் மைக் பிடிக்கும். இரண்டு விநாடியில் மண்டபமே கூவ ஆரம்பித்துவிடும். சபையில் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு மைக் செட்காரனைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

என் மனைவி தல்லாகுளத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். சொந்த ஊர் திருவாதவூர். வயலுக்கு அந்தக் கரையில் நிற்கும் ஆளை இந்தக் கரையிலிருந்து கூப்பிட்டு வளர்ந்த குரல். ஆண்டு விழாவைத் தொகுத்து வழங்குவது எப்போதும் அவள்தான், மைக் செட் எப்போதும் நான்தான். அவளுக்கு நான் ஒரு சலுகை கொடுத்திருந்தேன். மேடையில் நிற்கிறவருக்குத் தன் சத்தம் சபையில் எப்படிக் கேட்கிறது என்று தெரியாது. அது தெரிவதற்காகக் காலடியில் அவரைப் பார்த்துச் சாய்த்து வைக்கும் சின்ன பாக்ஸ்தான் மானிட்டர். பாட்டுக் கச்சேரிக்குத்தான் அதைக் கொண்டுபோவேன். பேச்சுக்கு யாருக்கும் வைத்ததில்லை. அவளுக்கு மட்டும் வைப்பேன்.

"நம்ம குரலே நமக்குக் கேட்டா தைரியமா இருக்குங்க" என்று ஒருமுறை சொன்னாள். அடுத்த ஆண்டு அதன் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

வீட்டில் சண்டை தொடங்கியது ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால். அவள் அடுப்படியிலிருந்து ஏதோ சொல்வாள். எனக்குக் கேட்காது.

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல, போங்க."

"சத்தமாத்தான் சொல்லேன்."

"எம்புட்டு சத்தமா சொல்றது? பாக்ஸுக்குப் பக்கத்துல நின்னு நின்னு உங்க காது அவிஞ்சு போச்சு. மொதல்ல அதப் போய்ப் பாருங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. என் தொழிலில் இருக்கிறவர்களுக்கு வயதானால் கீச்சுச் சத்தங்கள் முதலில் போகும். காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வயதுக்கு ஏற்ற காதுதான், குறை ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை அவளிடம் காட்டி ஜெயித்துவிட்டதுபோலச் சிரித்தேன். என் காது நன்றாக இருக்கிறதென்றால் குறை வேறெங்கே இருக்கிறது என்று யோசிக்கவில்லை. காகிதத்தை அந்த ஆண்டு நோட்டிலேயே ஒட்டி வைத்தேன்.

வலது கையில் பெருவிரல் தானாக ஆட ஆரம்பித்த பிறகுதான் நரம்பு டாக்டரிடம் போனோம். அவர் அவளை நடக்கச் சொன்னார். விரல்களைத் தட்டச் சொன்னார். ஒரு வரி எழுதச் சொன்னார். அவள் எழுத்து தொடக்கத்தில் ஓரளவு பெரிதாக இருந்தது, வரி முடிவதற்குள் எறும்பு மாதிரி ஆகியிருந்தது. நடுக்குவாதம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இவங்க குரல் எப்ப இருந்து இப்படிக் குறைஞ்சுச்சு?" என்று கேட்டார்.

"குரலா?"

"இவ்வளவு மெதுவா பேசுறாங்களே. அதுவும் இந்த நோயோடதுதான். கைக்கு முன்னாலேயே சிலருக்குக் குரல்ல வந்துரும்."

ஆறு மாதம் இருக்கும் என்று சொன்னேன். அவள் என்னை மறுத்து ஏதோ சொன்னாள். டாக்டர் முன்னால் குனிந்து, "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றார். தன் குரல் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவள் சொல்லியிருந்தாள்.

அதற்கும் டாக்டர் காரணம் சொன்னார். நோய் வந்தவருக்குத் தன் சத்தம் குறைந்தது தெரியாதாம். எப்போதும்போலப் பேசுவதாகவே தோன்றுமாம். மற்றவர்களுக்குத்தான் காது கேட்கவில்லை என்று நினைப்பார்களாம்.

வீட்டுக்கு வந்து நோட்டுகளை இறக்கினேன். ஆண்டு விழாப் பக்கங்களை மட்டும் வரிசையாகப் பிரித்துத் தரையில் பரப்பினேன். அவளுடைய மைக்கின் கெய்ன்: பத்து, பத்து, பத்து. பிறகு பத்தரை. பதினொன்று. பதினொன்றரை. பன்னிரண்டு. கடைசி விழாவில் ஒரு மணி. ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரில் நானே காரணம் எழுதியிருந்தேன். "மைக் வலையில் தூசி, கழுவ வேண்டும்." "கேபிள் லூஸ், மாற்ற வேண்டும்." "மைக்கைத் தள்ளிப் பிடிக்கிறாள், சொல்லியாயிற்று." பன்னிரண்டு வந்த ஆண்டில் மைக்கையே மாற்றியிருந்தேன். புது மைக்கில் அடுத்த ஆண்டு ஒரு மணி.

எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது அதற்குக் கீழே இருந்த வரி. அதே மைக்கில் அவளுக்குப் பிறகு தலைமை ஆசிரியை பேசுவார். அவருக்கு எல்லா ஆண்டும் பத்து மணிதான். அதே மைக், அதே கேபிள், அதே மண்டபம். ஒரு வரி மேலே, ஒரு வரி கீழே. பன்னிரண்டிலிருந்து பத்துக்கு இறக்க வேண்டி வந்த ஆண்டில் நான் எழுதியிருந்தது: "ஹெச்.எம். வரவர ரொம்பச் சத்தமாகப் பேசுகிறார்."

அடுத்த முறை போனபோது டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். ஐந்து ஆண்டுக்கு முன்னாலேயே வந்திருந்தால்?

"நோய் நிக்காதுங்க. ஆனா குரல் பயிற்சிய அப்பவே ஆரம்பிச்சிருக்கலாம். இன்னும் கொஞ்ச காலம் தாங்கியிருக்கும்."

நோட்டை அவளிடம் காட்டவில்லை.

அவளும் என்னிடம் சொல்லாத ஒன்று இருந்தது. விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்த அன்று மாலை அது வெளியே வந்தது. கடந்த இரண்டு ஆண்டுகளாகக் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் கேள்விக்குப் பதில் சொல்லாமல் முழிப்பார்களாம். கவனிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்து எழுப்பி நிறுத்துவாளாம். ஒருத்தி, "கேக்கல மிஸ்" என்றிருக்கிறாள். திமிர் என்று நினைத்து அந்தப் பாடவேளை முழுக்க நிற்க வைத்தாளாம்.

"நெசமாவே கேக்கலங்க அதுகளுக்கு" என்றாள். நான் அவள் வாயருகே குனிந்திருந்தேன். "நான் அதுககிட்ட மன்னிப்புக் கேக்கணும். மேடையில, எல்லார் முன்னாலயும். கடைசி வரிசைக்குக் கேக்குற மாதிரி."

பள்ளியில் ஏப்ரல் மாதக் கடைசி வேலை நாளில் பிரிவு விழா வைத்தார்கள். ஹெச்.எம். நல்ல மனுஷி. "டீச்சர் எழுதிக் கொடுக்கட்டும், வேற யாராச்சும் வாசிக்கட்டும். அவங்களுக்குச் சிரமம் வேணாம்" என்றார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். தவறு செய்த வாயால்தான் சொல்ல வேண்டும் என்றாள். அதை நான்தான் ஹெச்.எம்.முக்குச் சத்தமாகத் திரும்பச் சொன்னேன்.

விழாவுக்கு முதல் நாள் மதியம் காலி மண்டபத்தில் மூன்று மணி நேரம் வேலை செய்தேன். மெல்லிய குரலைச் சபைக்குக் கொண்டுபோக நான்கு வழிதான் எனக்குத் தெரியும். மைக் வாய்க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பாக்ஸ் மைக்குக்கு முன்னால், சபைப் பக்கம் தள்ளி நிற்க வேண்டும். திறந்திருக்கும் மைக் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். எந்தச் சுருதியில் முதலில் கூவுகிறதோ அந்தச் சுருதியை மட்டும் வெட்ட வேண்டும். வேண்டுமென்றே கெய்னை ஏற்றிக் கூவ விட்டு, மூன்று சுருதிகளைப் பிடித்து வெட்டினேன். பாக்ஸ்களைச் சுவரிலிருந்து ஆறடி முன்னால் இழுத்தேன். என்னைவிட மூன்று வயது மூத்த லோடு ஆட்டோக்கார நண்பர்தான் கூட நின்று தள்ளினார். கப்பலூர் பட்டறையில் செய்த அந்தக் கனத்த பாக்ஸ்களைப் பதினைந்து ஆண்டாக ஏற்றி இறக்குகிறவர்.

"ஏன் மாப்ள, கட்சி மாநாட்டுக்குக்கூட நீ இம்புட்டு மெனக்கெட்டதில்லையே" என்றார்.

"இது அதவிடப் பெருசுண்ணே."

கன்னத்தில் ஒட்டி நிற்கும் ஹெட்செட் மைக் ஒன்று வைத்திருந்தேன். அதை மாட்டிக்கொண்டால் தூரம் மாறாது, எனக்கு நிம்மதி. வீட்டில் எடுத்துக் காட்டினேன்.

"இத மாட்டிக்கிட்டு டான்ஸ் ஆடப் போறேனாக்கும்? பிள்ளைக சிரிக்கும்" என்றாள்.

ஆகவே ஸ்டாண்டில் மைக். உதட்டிலிருந்து இரண்டு விரல் தூரம். கை நடுங்குவதால் கையில் கொடுக்கவில்லை. வழக்கம்போல மானிட்டரைக் காலடியில் வைத்தேன். அவளுக்குத் தைரியம் வேண்டுமே என்று சத்தத்தை எப்போதையும்விடக் கூட்டினேன்.

கடைசியாக மின்விசிறிகள். மண்டபத்தில் பதினெட்டு. எல்லாம் பழையது, எல்லாம் இரையும். அந்த இரைச்சலே அவள் குரலை மூழ்கடிக்கும் அளவுக்கு இருந்தது. அவள் பேசும்போது மட்டும் நிறுத்த வேண்டும் என்று ஹெச்.எம்.மிடம் கேட்டேன்.

"சார், ஏப்ரல் வெயில்ல பிள்ளைக வெந்துரும்."

"அஞ்சு நிமிஷம் மேடம்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, அஞ்சு நிமிஷம்" என்றார்.

மறுநாள் அவள் மேடையேறியதும் மின்விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பிள்ளைகள் ஏன் என்று கேட்காமல் தாவணியாலும் நோட்டாலும் விசிறிக்கொண்டார்கள். நண்பர் பின்சுவரை ஒட்டி, கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றார். கேட்டால் கையைத் தூக்கச் சொல்லியிருந்தேன்.

அவள் பேசத் தொடங்கினாள். உதடு அசைவது தெரிந்தது. முன் இரண்டு வரிசை அசையாமல் இருந்தது. பின்வரிசைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. நண்பர் கையைத் தூக்கவில்லை. கெய்னைப் பன்னிரண்டுக்கு ஏற்றினேன். ஒன்றுக்கு ஏற்றினேன். நண்பர் உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார். இரண்டுக்குப் போனபோது பாக்ஸில் மெல்லிய கூவல் எட்டிப் பார்த்தது. இனி ஏற்ற இடமில்லை. நான் எவ்வளவு ஏற்றினேனோ அவ்வளவுக்கு அவள் இறங்கிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான், டாக்டர் சொல்லி அவளுக்குக் குரல் பயிற்சி கொடுக்க வந்த பெண் முந்தின வாரம் போகிறபோக்கில் சொன்னது நினைவுக்கு வந்தது. தன் குரல் தனக்குப் பெரிதாகக் கேட்டால் யாராக இருந்தாலும் தானாகவே குறைத்துப் பேசுவார்கள் என்றிருந்தாள். அவள் காலடியில் இருந்த மானிட்டரைப் பார்த்தேன். மண்டபத்தில் வேறு யாருக்கும் கேட்காத அளவு பெரிதாக அவள் குரலை அவளுக்கே அது கேட்க வைத்துக்கொண்டிருந்தது. ஆண்டுதோறும் நான் கூட்டிக் கூட்டி வைத்த சலுகை அது.

மானிட்டரின் திருகை முழுக்க இறக்கினேன்.

அவள் பேச்சு பாதியில் நின்றது. மைக்கை உற்றுப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்து மிக்சருக்குப் பின்னால் கேபிளைத் தேடுவதுபோல நடித்தேன். நிமிர்ந்து அவளைப் பார்த்திருந்தால், மைக் வேலை செய்கிறது என்று என் முகமே சொல்லியிருக்கும்.

பிறகு அவள் மைக்கை மறந்து, வகுப்பில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்று கேட்டாள்:

"கடைசி பெஞ்சு! கேக்குதா?"

"கேக்குது மிஸ்!" என்று மண்டபம் முழுக்கக் கத்தியது.

நண்பர் இரண்டு கையையும் தூக்கினார். கெய்னை நான் அவசரமாகப் பதினொன்றுக்கு இறக்க வேண்டி வந்தது. மைக் செத்துவிட்டது என்று நினைத்து, அவள் இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துப் பேசினாள். உங்களுக்குக் கேட்காதது உங்கள் தப்பில்லை, என் நோய், அது தெரியாமல் நிற்க வைத்தேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்றாள். கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். அவள் நின்றதைப் பார்த்து, "உக்காரும்மா, இனிமே நிக்க வேணாம்" என்று இவள் சொன்னாள். மொத்தம் நாலு நிமிடம். கடைசி வாக்கியங்கள் தேய்ந்துபோயின. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருந்தாள். மின்விசிறிகள் மறுபடி சுற்றின.

திரும்பும்போது லோடு ஆட்டோவின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். அவள் முகம் வெந்துபோயிருந்தது. நான் காதைக் கொடுத்தேன்.

"கடைசி நாள்ல உங்க மைக் இப்படி மானத்த வாங்கிருச்சே."

நண்பர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவர் தொடையை அழுத்தினேன்.

"கேபிள் லூஸ்" என்றேன்.

"எப்பப் பாத்தாலும் கேபிள் லூஸ்தான் உங்களுக்கு."

இத்தனை ஆண்டும் அது எனக்குத் தெரியாமல் நடந்த பிழை. அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தெரிந்தே சொன்னேன். உண்மையைச் சொன்னால் மானிட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறகு நோட்டைக் காட்ட வேண்டும். அவள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டாள். நான் அவளிடம் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் நோட்டில் எல்லாவற்றையும் எழுதினேன். கெய்ன் இரண்டு, பிறகு பதினொன்று. மானிட்டர், பூஜ்யம். காரணம் என்ற இடத்தில் உள்ளதை அப்படியே எழுதினேன்.

அந்தப் பக்கத்தை எழுதி ஓர் ஆண்டு ஆகப்போகிறது. தூரம் பாதியானால் சத்தம் ஆறு டெசிபல் கூடும் என்பது தொழிலில் நான் முதலில் கற்ற கணக்கு. வீட்டில் என் நாற்காலியை அவளுடைய நாற்காலியிலிருந்து பன்னிரண்டு அடியில் போட்டிருந்தேன். ஆறடிக்கு இழுத்தேன். பிறகு மூன்றடி. இப்போது கைகள் உரசுகின்றன. இதற்கு மேல் பாதியாக்க இடமில்லை. தினமும் காலையில் செய்தித்தாளைச் சத்தமாக வாசிக்கும் பயிற்சியைச் செய்கிறாள். நான் எதிர் அறையில் நின்று, கேட்டால் கையைத் தூக்குகிறேன். சில நாள் தூக்குகிறேன்.

போன வாரம் பள்ளியிலிருந்து இரண்டு டீச்சர்கள் பார்க்க வந்தார்கள். பேச்சு பிரிவு விழாப் பக்கம் போனது. அவள் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். அவர்கள் இருவரும் முன்னால் குனிந்தார்கள். கேட்கவில்லை. அவள் இன்னொரு தடவை சொன்னாள். அப்போதும் கேட்கவில்லை. சங்கடத்துடன் என்னைப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லும் கேட்டிருந்தது.

அவள் என் முழங்கையை இடித்து, சொல்லுங்க என்பதுபோலக் கண்ணைக் காட்டினாள்.

"அன்னிக்கு என் மைக் கெட்டுப்போச்சாம். நான் மட்டும் இல்லேன்னா இன்னும் நல்லாப் பேசியிருப்பாளாம்" என்று அவர்களுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.